உலகம்மாவின் தராசும் ஒரு கூறு சிறுகிழங்கும்

இந்தக் கதையை எனக்கு முதன்முதல் சொன்னது எங்கள் சபையில் பீடத்துத் துணிகளைத் துவைத்துத் தருகிற ரூபி அக்கா. போன தை மாதம், அசனத்துக்காக நாங்கள் பெண்கள் எல்லாரும் கோயில் வளாகத்தில் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். அசனம் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோயில் பண்டிகையில் ஊர் ஜனம் முழுவதும் சேர்ந்து ஆக்கி, பந்தியில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. சொல்லும்போது ரூபி அக்கா கண்ணில் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்தினாலா சிரிப்பினாலா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு இதைச் சொன்னது ஞானபுரத்தில் வாழ்க்கைப்பட்ட அவள் நாத்தனார். ஆகையால் இதில் ஒரு வார்த்தை குறைந்திருந்தால் அது வழியில் உதிர்ந்ததுதான், நானாக ஒன்றும் சேர்க்கவில்லை.

அந்த ஞானபுரத்தில் சொர்ணபாய் என்று ஒரு அம்மா. காய்கறி பார்த்து வாங்குவதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்தால் சொடக்குப் போட்ட மாதிரி சத்தம் வர வேண்டும், முருங்கைக்காயை முறுக்கினால் கயிறு மாதிரி வளைய வேண்டும், சுரைக்காயில் நகம் பட்டால் வெண்ணெயில் இறங்கின மாதிரி இறங்க வேண்டும், தேங்காயைக் காதோரம் ஆட்டினால் உள்ளே யாரோ கிணற்றில் வாளி விட்ட மாதிரி கேட்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பரீட்சை வைத்து, தேறினதை மட்டும் கூடையில் போட்டு, கடைசியில் ஒரு கை கறிவேப்பிலையைக் கொசுறாக வாங்கிக்கொண்டுதான் அவள் சந்தையை விட்டு வெளியே வருவாள்.

அவளிடம் ஒரே ஒரு குறை இருந்தது. மகள் பியூலா கல்யாணமாகிக் கோயம்புத்தூரில், மகன் டைட்டஸ் வேலையாகிச் சென்னையில், வீட்டில் இருப்பதோ அவளும் அவள் வீட்டுக்காரர் கோயில்பிள்ளையும் மட்டும். ஆனாலும் அவள் கை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்து அளவிலேயே அள்ளும். ஃபிரிட்ஜைத் திறந்தால் கேரட் உருண்டு காலில் விழும். பீன்ஸ் ஒரு மூலையில் கிடந்து கிழவனாகும். வாடினதை வெளியே எடுக்கும்போதெல்லாம் அவள், "ஆண்டவரே, மன்னியும்" என்று சொல்லித்தான் எடுப்பாள்.

கோயில்பிள்ளை மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரைக்காரர். டாக்டர் பாகற்காய் சாப்பிடச் சொல்லியிருந்தார். சொர்ணபாய் அதைப் பொரியலாகவும் புளிக்குழம்பாகவும் மாற்றி மாற்றி வைத்து, தட்டில் போட்டு, கண்ணை மூடி நீளமாக ஜெபம் பண்ணுவாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அவர் தட்டில் பாகற்காய் இருக்காது. என் ஜெபத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது என்று அவள் உள்ளம் நிறைந்து போவாள்.

இப்படியிருக்க, ஒரு மார்கழி மாதத்துச் சந்தை நாளில், இடியும் இல்லாமல் மின்னலும் இல்லாமல், வானத்தில் ஓர் அடையாளமும் இல்லாமல், காய்க்கடை உலகம்மாவின் தராசு தன் குணத்தை மாற்றிக்கொண்டது. ஒரு தட்டில் எடைக்கல்லும் ஒரு தட்டில் காயுமாகத் தொங்கவிட்டுப் பிடிக்கிற பழைய தராசு அது. சொர்ணபாய் வெங்காயம் கேட்டாள், சரியாக நிறுத்தது. தக்காளி கேட்டாள், சரியாக நிறுத்தது. பாகற்காய் கேட்டாள். உலகம்மா அள்ளி வைத்தாள். காய்த்தட்டு அசையவில்லை.

"இரு யக்கா, இன்னும் கொஞ்சம் போடுதேன்" என்று உலகம்மா இன்னொரு கை போட்டாள். அசையவில்லை. கூடையையே கவிழ்த்தாள். பாகற்காய் மலை மாதிரி குவிந்து, நாலு காய் உருண்டு கீழேயும் விழுந்தது. தட்டு மட்டும் காற்றில் நிற்கிற பறவை மாதிரி மேலேயே நின்றது.

"சவத்து மூதி, இதுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று உலகம்மா தராசை ஒரு தட்டுத் தட்டினாள். ஒரே ஒரு தக்காளியை மேலே வைத்தாள். உடனே அந்தத் தக்காளியின் எடைக்கு மட்டும் தட்டு மரியாதையாக ஒரு சின்ன வணக்கம் போட்டது.

பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற கோயில்பிள்ளைக்கு மார்கழிக் குளிரிலும் வேர்த்துவிட்டது. அவர் பொய் சொல்லத் தெரியாதவர், சும்மா இருக்க மட்டும் தெரிந்தவர். அந்தத் தட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றதால் சும்மாவும் இருக்க முடியவில்லை.

"தராசுல ஒண்ணும் பழுது இல்லைட்டி" என்றார். "நான்தான் அதைத் திங்கதில்ல."

"என்ன சொல்லுதீய? தட்டு காலியாயிருதே!"

"நீ கண்ணை மூடுன உடனே ஜன்னல் வழியா வெளியே போட்டுருவேன். எஸ்தர் வீட்டு வான்கோழி தின்னுரும்."

அப்போதுதான் சொர்ணபாய்க்கு விளங்கியது. அடுத்த வீட்டு எஸ்தருடைய வான்கோழி, அவள் ஜெபம் பண்ணுகிற நேரமெல்லாம் ஜன்னலுக்குக் கீழே வந்து கழுத்தை நீட்டி நின்றதும், ஆமென் சத்தம் கேட்டால் சிறகை அடித்துக்கொண்டதும், அதை அவள் ஒரு பக்தியுள்ள பறவை என்று பியூலாவிடம் போனில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்ததும் நினைவுக்கு வந்தது. வான்கோழிக்குச் சர்க்கரை வராமல் போனதற்கு அவள்தான் காரணம். கோயில்பிள்ளைக்கோ டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்.

சந்தை சிரித்தது. சிரித்து முடித்த பிறகு, தன் தன் கூடையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தது. மனுஷர் வயிற்றுக்குள் போகப் போவதற்கு மட்டும்தான் அந்தத் தராசு எடை காட்டுகிறது என்று ஊருக்குப் புரிந்துபோனது. ஏன், எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. மழை பெய்தால் குடை எடுக்கிற மாதிரி, அதற்குத் தக்கபடி நடக்கப் பார்த்தார்கள்.

ஹாஸ்டல் வார்டன் முட்டைக்கோஸ் மூட்டை கேட்டார். மூட்டை பஞ்சு மாதிரி மிதந்தது. அவர் முகம் சிவந்து போய் அன்றைக்கே மெனுவை மாற்றினார். மாசமாக இருந்த ஒரு பெண் மாங்காய்க்குக் கையை நீட்டினாள். மாங்காயை வைக்கும் முன்னாலேயே தட்டு டங் என்று இறங்கிக் காத்திருந்தது. போனில் பார்த்துப் புதுப் புதுச் சமையல் செய்கிற ஒரு மருமகள் வெளியூரிலிருந்து வரவழைத்த ப்ராக்கோலியைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டு சும்மா நிற்கவில்லை, இன்னும் ஒரு சாண் மேலே ஏறிக்கொண்டது. "தராசு மூக்கைப் பொத்துதுடி" என்றாள் அவள் மாமியார். திருஷ்டிக்குக் கட்டுகிற பூசணிக்காய்க்கு எடை இல்லை, அது நியாயம்தான். எடை இல்லாததற்குக் காசு கேட்க உலகம்மாவுக்கு மனசு வரவில்லை. தின்னாத காயைச் சும்மா தூக்கிப் போகச் சனத்துக்கும் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்குள் இருக்க வேண்டிய சங்கதி எல்லாம் சந்தைக்கு வந்துவிட்டதே என்று சிலருக்கு வருத்தம். அவர்கள் எடை வேண்டாம், கூறாகக் கொடு என்று கேட்க ஆரம்பித்தார்கள். உலகம்மாவும் சாக்கை விரித்து, காயைச் சின்னச் சின்னக் குவியலாகக் கூறு கட்டி வைத்தாள். கொஞ்ச நாள் அப்படிப் போனது. பிறகு அவர்களே ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தராசில் நிறுத்து வாங்கினவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒன்றும் அழுகுவதில்லை, வேண்டியதை மட்டும் வாங்கி வாடும் முன்னாலேயே ஆக்கிவிடுவதால் ரசம் கூட நல்ல மணமாக இருக்கிறது என்று பேச்சுப் பரவியிருந்தது. தை பிறப்பதற்குள் ஞானபுரத்துக் குப்பைத்தொட்டியைச் சுற்றி நிற்கிற ஆடுகள் எல்லாம் இளைத்துப் போய், ஒன்றையொன்று குறை சொல்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றன.

தராசுக்கு முத்திரை போடுகிற அதிகாரி ஒருவர் புகார் கேட்டு வந்தார். இரும்பு எடைக்கல்லைக் காய்த்தட்டில் வைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இது மோசடித் தராசும்மா" என்றார்.

"ஐயா, இரும்பை யாரு திம்பா?" என்றாள் உலகம்மா.

அவர் யோசித்து, தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த உப்புமாவை வழித்து வைத்தார். பாதி எடைதான் காட்டியது. கூட வந்த பியூன் மெல்லிய குரலில், "மீதியை ஆபீஸ் நாய்க்குப் போட்டுருவாரு" என்றார். அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். "இது என் வீட்டுக்காரி காதுக்குப் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, முத்திரையை நன்றாக அழுத்திப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

எல்லாரும் பழகிக்கொண்டார்கள். சொர்ணபாய்க்கு மட்டும் ஒரு பயம் உள்ளே கிடந்து நெளிந்தது.

தை மாதம் அசனம் வரும். அசனத்துக்கு டைட்டஸ் வர வேண்டும். டைட்டஸ் வந்தால் சிறுகிழங்கு வேண்டும். அது குளிர்காலத்தில் மட்டும் வருகிற கிழங்கு, விரல் நுனி அளவுதான் இருக்கும். சாக்கில் போட்டுக் கட்டித் தரையில் அடித்து அடித்துத் தோலை உரித்து, மீந்த தோலை ஒவ்வொன்றாகச் சுரண்டுவதற்குள் கை விரல் எல்லாம் கறுத்துப் போகும். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சிறுகிழங்குப் பொரியல் என்றால் உயிர். போன அசனத்துக்கும் அதற்கு முந்தின அசனத்துக்கும் அவன், "வாரேம்மா, பாப்போம்மா" என்று சொல்லிவிட்டு வரவில்லை. அவள் சுரண்டிச் சுரண்டி வைத்த கிழங்கு ஃபிரிட்ஜுக்குள் கறுத்தது. இந்த வருஷமும் போனில் அதே வார்த்தைதான். "வாரேம்மா, பாப்போம்மா."

உலகம்மா கடையில் சிறுகிழங்கு வந்து குவிந்தது. சொர்ணபாய் அந்தப் பக்கம் பார்க்காமல் கீரை பக்கமாகவே சுற்றினாள். நிறுத்தால் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கிற வரைக்கும் அவன் வரலாம். அவள் ஒரு நாளும் ஜோசியம் பார்த்தவள் இல்லை, அது பாவம் என்று நம்புகிறவள். இது ஜோசியமா, காய்கறியா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதையும் முழங்காலில் நின்று ஆண்டவரிடமே கேட்டாள். அவர் அந்த விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை.

அசனத்துக்கு முந்தின நாள் வந்துவிட்டது. சந்தையில் எஸ்தர் கேட்டாள்: "யக்கா, டைட்டஸ் வாரானா?"

"கர்த்தர் சித்தம்."

"தராசுல போட்டா இப்பமே தெரிஞ்சிரும்லா?"

"சும்மா கெட எஸ்தர். நீ உன் வான்கோழியைப் பாரு."

ஆனால் கை சும்மா கிடக்கவில்லை. அவள் அறியாமலே அது சிறுகிழங்கை அள்ளிக் காய்த்தட்டில் வைத்தது. உலகம்மா தராசைத் தூக்கினாள். மீன்காரி கத்தியை நிறுத்தினாள். பேரம் பேசினவர்கள் வாயைப் பாதியில் மூடினார்கள். பூக்காரி கையில் முழம் அப்படியே நின்றது.

தட்டு அசையவில்லை.

சொர்ணபாய் இன்னொரு கை போட்டாள். "கொஞ்சம் வந்துட்டுப் போனாக்கூடப் போதும் ஆண்டவரே" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு கை போட்டாள். தட்டு மேலேயே நின்றது. அவள் கிழங்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒன்றுகூடக் கீழே விழாமல், திரும்பச் சாக்கிலேயே போட்டாள். வாழைப்பழக்காரர் வந்து, கேட்காமலே ஒரு சீப்பை அவள் கூடையில் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார்.

எல்லார் முன்னாலும் அழுதுவிடக் கூடாதே என்று சொர்ணபாய், "சரி உலகம்மா, பாகற்காய் ஒரு கை போடு. வான்கோழியாவது சாப்பிடட்டும்" என்றாள்.

உலகம்மா ஒரு கை போட்டாள். தட்டு டங்கென்று தரையில் போய் அடித்தது. எதிர்த்தட்டிலிருந்த எடைக்கல் எகிறிப் போய்ப் பூக்காரியின் தண்ணீர்ச் சட்டியில் விழுந்தது.

சந்தை முழுவதும் கோயில்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தது.

"நானா? நான் இல்ல!" என்றார் அவர்.

"மாமா மனந்திரும்பிட்டாவ!" என்றாள் எஸ்தர்.

"சத்தியமா இல்லம்மா! நான் திங்க மாட்டேன்! இந்தத் தராசு பொய் சொல்லுது!"

"இம்புட்டு நாளும் பொய் சொல்லலையே மாமா?"

யாரோ ஒரு ஸ்தோத்திரம் சொன்னார்கள், யாரோ கை தட்டினார்கள், மீன்காரி எட்ட நின்றபடியே அவரை ஆசீர்வதித்தாள். கொலைக் குற்றத்துக்குப் பிடிபட்டவர் மாதிரி கோயில்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். சொர்ணபாய் பின்னால் நடந்தாள். ஒரு கண் வீட்டுக்காரருக்காகச் சந்தோஷப்பட்டது, ஒரு கண் மகனுக்காகக் கலங்கியது. இரண்டையும் ஒரே முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில், கோயில் முதல் மணி அடிக்கும்போது, அவள் பாகற்காயை மெல்லிசாக அரிந்து, சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பூவும் நிறையப் போட்டு வதக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் ஆட்டோ சத்தம். தோளில் பையோடு டைட்டஸ் உள்ளே வந்தான். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"ஏல! நீ வர மாட்டேன்னு தராசு சொல்லிட்டுதே!" என்றாள் சொர்ணபாய், கரண்டியோடு.

"எந்தத் தராசும்மா?"

"சிறுகிழங்குக்கு எடை காட்டலையேல! ஐயோ, நான் வாங்காம வந்துட்டேனே! இரு, இப்பம் ஓடிப் போய் உலகம்மா வீட்டுல எழுப்பி..."

"யம்மா, நில்லு" என்று அவன் அவள் கையைப் பிடித்தான். "எனக்குச் சிறுகிழங்கு வேண்டாம்."

"ஏன்?"

அவன் அடுப்பைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "எனக்கும் அப்பா மாதிரி சர்க்கரை வந்துட்டும்மா. ரெண்டு வருஷமாச்சு. சொன்னா நீ அழுவ. இங்க வந்து கிழங்கைத் திங்காம இருந்தா நீ கண்டுபிடிச்சிருவ. அதான் வரலை. இந்தத் தடவை, போய்ச் சொல்லிருவோம்னு வந்துட்டேன்."

சொர்ணபாய் அழுதாள். கொஞ்சம்தான் அழுதாள். நடுவில் நிறுத்தி, "அப்பம் அவ்வளவு ஆசையையும் அடக்கிக்கிட்டா இருந்த?" என்று கேட்டாள்.

"எந்த ஆசை? எனக்கு அது பிடிக்கவே பிடிக்காதும்மா."

"என்னது?"

"நாலாங்கிளாஸ் படிக்கும்போது ஒரு நாள், கை எல்லாம் கறுப்பா வந்து நின்னு, எப்படில இருக்குன்னு கேட்ட. பாவமா இருந்துச்சு. நல்லா இருக்கும்மான்னு சொன்னேன். அதைப் பிடிச்சுக்கிட்ட நீ, வருஷா வருஷம்!"

சொல்லிவிட்டு அவனே ஒரு தட்டை எடுத்து, அடுப்பிலிருந்த பாகற்காய்ப் பொரியலை அள்ளிப் போட்டு உட்கார்ந்தான். சொர்ணபாய் வாயைத் திறந்தபடி பார்த்தாள். ஒரு வாய், இன்னொரு வாய், மறுபடியும் போட்டுக்கொண்டான். "நல்லா இருக்கும்மா" என்றான். அவள் அவன் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். இந்தத் தடவை அது மெய்தான்.

கோயில்பிள்ளை கதவோரம் நின்று மகனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தட்டை நீட்டினார். சொர்ணபாய் போட்டாள். ஜெபம் பண்ணக் கண்ணை மூடப் போனவள், ஒரு நிமிஷம் யோசித்து, அன்றைக்கு மட்டும் கண்ணைத் திறந்தபடியே ஜெபித்தாள். அவர் முகத்தைச் சுளித்துச் சுளித்து, ஆனால் மிச்சம் வைக்காமல் தின்றார். தட்டு ஏன் அப்படித் தரையில் போய் அடித்தது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. ஜன்னலுக்குக் கீழே வான்கோழி ஆமென் சத்தம் கேட்டுச் சிறகை அடித்தது, கழுத்தை நீட்டியது, அசனப் பந்தி முடிந்து ஊரே வீடு திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, கடைசியில் மனம் கசந்து எஸ்தர் வீட்டுக்கே போய்விட்டது.

டைட்டஸ் ஊருக்குப் போன பிறகு வந்த சந்தையில், சொர்ணபாய் உலகம்மா கடைக்குப் போனாள். சிறுகிழங்கு சீசன் முடிகிற நேரம், சாக்கின் அடியில் ஒரு கூறுதான் கிடந்தது. அவள் அதைத் தட்டில் வைத்துவிட்டு நின்றாள்.

"யாருக்குக்கா? அதான் பையனுக்கு ஆகாதாமே" என்றாள் உலகம்மா.

சொர்ணபாய்க்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சிறுகிழங்கு பிடிக்கும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைத் தட்டில் போட்டுச் சாப்பிட்டதே இல்லை. வீட்டில் மற்றவர்களுக்கு எடுத்து வைத்தது போகச் சட்டியில் ஒட்டின தூளைச் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்பாள், அவ்வளவுதான்.

"எனக்குத்தான்" என்றாள், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத மாதிரி.

தராசுக்குக் கேட்டது. தட்டு டங்கென்று அடிக்கவில்லை, எகிறவில்லை. வேலை எல்லாம் முடித்துவிட்டு ஒரு பெண்பிள்ளை தரையில் உட்காருகிற மாதிரி, மெதுவாக, நிதானமாகக் கீழே இறங்கியது. உலகம்மா ஒரு கை கறிவேப்பிலையை மேலே வைத்தாள். கொசுறுக்கு எடை பார்ப்பதில்லை.

ரூபி அக்கா இந்த இடத்தில் வெங்காயத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதனால் கதையும் இத்தோடு சரி. அந்தத் தராசு இன்றைக்கும் அப்படித்தான் நிறுக்கிறதாம். நீங்கள் அந்தப் பக்கம் போனால், எனக்கு ஒரு கூறு சிறுகிழங்கு வாங்கி வாருங்கள். பிள்ளைகளுக்கு இல்லை, எனக்குத்தான்.